எட்டு மணி மாத்திரை

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று எழுதாத டப்பாவே இப்போது கடையில் இல்லை. சத்துமாவு, பிஸ்கட், தேன், கஷாயப் பொடி எல்லாவற்றின் மேலும் அந்த வரி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எழுத்தின் அளவும் பெரிதாகிவிட்டது. ஆனால் நம் ஊரிலேயே சில வீடுகளில் பெற்ற தாயும் தகப்பனும் அலாரம் வைத்து, காசு கொடுத்து வாங்கிய மருந்தால், தங்கள் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியை நாள்தோறும் இரண்டு வேளை குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அளந்து குறைக்க வேண்டும். அதிகம் குறைந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் வந்துபோகும் சளி இந்தப் பிள்ளைக்கு நிமோனியாவாகும். போதிய அளவு குறையாவிட்டால், பிழைக்க வைத்த உறுப்பையே பிள்ளையின் உடம்பு தாக்கத் தொடங்கும்.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளின் வீடுகள் அவை. பத்து மணி நேர அறுவை சிகிச்சை செய்தியாக வரும். டிஸ்சார்ஜ் நாளில் டாக்டர்களோடு நிற்கும் படமும் வரும். அதற்குப் பின்னால் வரும் பல்லாயிரம் வேளை மாத்திரைகளைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. அந்த அறிவியலின் பெரும்பகுதி சமையலறை அலமாரியிலும் மெடிக்கல் ஷாப் வாசலிலும் பள்ளிக்கூட வேனிலும்தான் நடக்கிறது. கல்லீரல் மாற்றை வைத்தே இதைச் சொல்கிறேன். மிகச் சின்ன வயதில் தொடங்கிவிடும் கதை அது.

பெரும்பாலும் அது மஞ்சள் காமாலையில் ஆரம்பிக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தட்டுவது சகஜம். காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகியும் விடும். ஏறக்குறைய 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் சரியாகாது. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளங்கள் அழன்று, தழும்பேறி, அடைத்துக்கொள்ளும். பிலியரி அட்ரீசியா என்பது அதன் பெயர். பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் நிறமிழந்து சுண்ணாம்பு போல வெளிறும். சிறுநீர் துணியில் மஞ்சளாகக் கறைபடும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலமும் வெளுத்திருக்கிறது என்றால், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அன்றே நடக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த நாட்கள் கீழாநெல்லியில் கழிகின்றன. அரைத்து மோரில் கலக்கிக் கொடு என்று சொல்லாத பாட்டி கிடையாது. சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை. அடைத்துப்போன குழாயை எந்த இலையும் திறக்காது என்பதுதான் சிக்கல். ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சை, குடலின் ஒரு வளையத்தை நேராகக் கல்லீரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி உண்டாக்குகிறது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அது பலிக்காதவர்களுக்கும், பலித்தும் பின்னாளில் கல்லீரல் சுருங்கிப்போகிறவர்களுக்கும் மாற்று சிகிச்சைதான் வழி. உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்ற முதன்மையான காரணம் இந்த நோயே.

மனிதருக்குச் செய்யப்பட்ட முதல் கல்லீரல் மாற்றும் இதே நோய் கண்ட மூன்று வயதுச் சிறுவனுக்குத்தான். 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் செய்தார். சிறுவன் மேசையிலேயே இறந்துபோனான். இறந்தவரிடமிருந்து குழந்தையின் அளவுக்கேற்ற கல்லீரல் கிடைப்பது அரிது. பெரியவரின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைக்கலாம் என்று தெளிந்த பிறகுதான் கதவு திறந்தது. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஜப்பானியத் தாய் ஒருவரின் கல்லீரல் பகுதியை அவருடைய மகனுக்கு வைத்து வெற்றி கண்டார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று 1998 நவம்பரில், டெல்லியில். குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை. நோய் பிலியரி அட்ரீசியா. தானம் கொடுத்தவர் அப்பா. அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, மருத்துவராகிவிட்டார்.

வெட்டியெடுப்பது இடதுபக்க ஓரப் பகுதியை. சுமார் 200 முதல் 300 கிராம். கொடுத்தவரிடம் மிச்சமிருக்கும் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய பருமனுக்கு வளர்ந்துவிடும். பிள்ளைக்குள் போன துண்டும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். கேட்க அழகாக இருக்கிறது. வீட்டில் அதற்கு வேறு முகம் உண்டு. ஒரே நாளில் அம்மா ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், பிள்ளை இன்னொன்றில்; அப்பா இரண்டு மாடிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார். வயிற்றுத் தையல் ஆற வேண்டும் என்பதால், தானம் கொடுத்தவர் சுமார் ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. எட்டு கிலோப் பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் வரும். கைநீட்டி அழும் பிள்ளையைத் தூக்க முடியாமல், யாராவது தூக்கி மடியில் வைக்கட்டும் என்று அந்தத் தாய் காத்திருக்க வேண்டும். பாட்டியோ அத்தையோ வீட்டுக்கு வந்து தங்க வேண்டும் என்பதை மருத்துவமனைகள் உணவுப் பட்டியலுக்கு முன்பாகச் சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் உயிரோடு இருந்து தானம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். 'சம்பாதிக்கிற ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?' என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே அதை முடிவு செய்துவிடுகிறது. கேள்வியில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதில் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி மாத்திரைக்கு வருவோம். 1984இல் ஜப்பானின் சுக்குபா மலைப்பக்கத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்தது டாக்ரோலிமஸ். அதற்கு முன்னோடியான சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அந்நிய உறுப்பை அடையாளம் கண்டதும், கால்சிநியூரின் என்ற நொதியின் வழியாக உள்ளே ஒரு செய்தி போகும். அதன்பேரில் மற்ற அணுக்களைத் திரட்டும் ரசாயனம் உற்பத்தியாகும். டாக்ரோலிமஸ் அந்த நொதியை மறித்துவிடுகிறது. அணு அப்படியே இருக்கும், படை திரளாது.

இந்த மருந்தில் கூடுதலுக்கும் குறைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல். முதல் சில மாதங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 8 முதல் 12 நானோகிராம் வரையும், வருடம் கடந்த பிறகு 5 நானோகிராமை ஒட்டியும் இருக்குமாறு பொதுவாகப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பிள்ளை, மையத்துக்கு மையம் அது மாறும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோகிராம். அந்த அளவில் கூடிப்போனால் கை நடுங்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். குறைந்தால் ரிஜெக்‌ஷன். அதாவது, வைத்த உறுப்பை உடம்பே தாக்குவது. அது ஆரம்பத்தில் வலிக்காது, காய்ச்சலும் வராமல் இருக்கலாம். பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் மட்டும் ஏறியிருக்கும். அதனால்தான் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

ரத்தத்தில் இருக்கும் இந்த மருந்தளவைப் பெற்றோர் 'டாக்ரோ லெவல்' என்கிறார்கள். அந்தப் பரிசோதனை நாளின் காலை கொஞ்சம் வேடிக்கையானது. மற்ற நாளெல்லாம் எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தவறாமல் கொடுக்கப் பழகிய கை, அன்று மட்டும் கொடுக்காமல் இருக்க வேண்டும். முந்தின இரவு போட்ட மருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு. லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண் ஊதா மூடி போட்ட குழாயைக் கையில் எடுத்துக்கொண்டே, "பாப்பாவுக்குக் காலை மாத்திரை குடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்பார். "இல்லம்மா, பையில இருக்கு" என்று பதில் வந்தால்தான் ஊசி. மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களில் தங்குவதால் ரத்தத்தை உறையவிடாமல் முழுசாக வைத்துச் சோதிக்க வேண்டும். ஊதா மூடிக் குழாய் அதற்காகத்தான். பழக்கதோஷத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்து அதைச் சொல்லாமல் விட்டால், லெவல் பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி டாக்டர் அளவைக் குறைப்பார். அடுத்த மாதம் ரிஜெக்‌ஷன் வந்து நிற்கலாம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டு மறுநாள் வருவது எவ்வளவோ மேல்.

லெவலை ஆட்டிவைப்பவை பல. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இந்த மருந்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதைத் தடுக்கும் எதையாவது பிள்ளை சாப்பிட்டால் மருந்து உடையாமல் ரத்தத்தில் ஏறும். வெளிநாட்டுப் புத்தகங்கள் கிரேப்ஃப்ரூட் கூடாது என்று தவறாமல் எழுதும். நம் பிள்ளைகள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே குணமுள்ள பம்பளிமாசு நம் தோட்டத்தில் காய்க்கிறது, அதைச் சொல்ல வேண்டும். சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் ஆகியவை லெவலை ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயினும் அதை மளமளவென்று இறக்கும். கடைக்காரர் 'அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற' என்று கொடுக்கும் அட்டையும் லெவலைக் கொஞ்சம் அசைக்கலாம். மாற்றினால் சொல்ல வேண்டும், பரிசோதிக்க வேண்டும்.

இவற்றில் நம் கைக்கணக்குக்கு நேர்மாறானது வயிற்றுப்போக்கு. 'எல்லாம் வெளியே போய்விட்டதே, மாத்திரையும் போயிருக்குமே' என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் லெவல் ஏறும். உள்ளே வரும் மருந்தில் ஒரு பகுதியை உடைப்பதும் திருப்பித் தள்ளுவதும் குடல் சுவரின் அன்றாட வேலை. பேதியில் அந்தச் சுவர் புண்பட்டுவிட்டால் காவல் தளர்ந்து, மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே நுழையும். போதாததற்கு உடம்பில் நீர் குறைந்து சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படும் நேரம் அது. அதனால் பேதிக்குக் கூடுதல் மாத்திரை கிடையாது, போன்தான். வாந்தி வேறு, மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்துக்குள் எடுத்தால் திரும்பக் கொடுப்பது என்று ஒவ்வொரு மையமும் ஒரு விதி வைத்திருக்கும், அதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். இங்கே இன்னொரு தலைகீழ் நம்பிக்கை. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு, அதை விட்டுவிட்டு இபுபுரூஃபனோ மெஃபெனமிக் ஆசிட் சிரப்போ வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம்; டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குபவை மற்ற இரண்டும்தான். சீந்தில் கொடியின் கதையும் இதுதான். 2021இல் மும்பை மருத்துவர்கள், அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் எதுவும், அதை அடக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு எதற்கு?

தடுப்பூசியில்தான் அக்கம்பக்கத்தின் பங்கு வருகிறது. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். மாற்று சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக அவற்றைப் போடுவதில்லை. அண்மைக்காலமாகச் சில மையங்கள் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் போடுகின்றன. பிலியரி அட்ரீசியாக் குழந்தைகள் பலருக்கு ஒரு வயதுக்குள்ளேயே மாற்று நடந்துவிடுவதால் அந்த ஊசிகளுக்கு வேளையே வந்திருக்காது. ஆகவே கூடப் பிறந்தவர்களும் வீட்டுப் பெரியவர்களும் போட்டுக்கொண்டு வேலியாக நிற்க வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை; காசு கொடுத்துத்தான் அண்ணனுக்கும் அக்காவுக்கும் போட வேண்டியிருக்கும். போலியோ சொட்டு மருந்து இதில் தனிக் கதை. அதிலிருக்கும் வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும் என்பதால், இந்த வீட்டில் தம்பி தங்கைக்கும் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி வடிவத்தைத்தான் பரிந்துரைக்கிறார்கள். முகாம் நாளில் வீடு தேடி வரும் செவிலியருக்கு, எதிர்த்து நிற்கும் தாயைப் பார்த்தால் கோபம் வருவது இயல்பு. மருத்துவமனைக் கடிதத்தின் நகல் ஒன்று வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் பேச்சு குறையும்.

சின்னம்மையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதை நோயென்று சொல்லக்கூடத் தயங்குவோம். அம்மை போட்டிருக்கு, ஆத்தா வந்திருக்கா என்போம். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினால் தெருவே விலகி நடக்கும். வைரஸைப் பற்றித் தெரியாத காலத்தில் தோன்றிய அந்த வழக்கம், தொற்று எச்சரிக்கையாக எவ்வளவு கச்சிதமானது! அடுக்குமாடிக் குடியிருப்பில் வேப்பிலையும் இல்லை, சொல்வாரும் இல்லை. மூன்று நாள் லீவு போட்ட பிள்ளைக்கு என்ன என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். மாற்று சிகிச்சை செய்த பிள்ளைக்கு அந்தத் தகவல் உயிர்நாடி. அம்மை கண்டவரோடு நெருங்கியிருந்தது தெரிந்தால், முதல் சில நாட்களுக்குள் எதிர்ப்புப் புரத ஊசியோ அசைக்ளோவிர் மருந்தோ கொடுத்துத் தடுத்துவிடலாம்; கொப்புளம் கிளம்பிய பிறகு தெரிந்தால் மருத்துவமனைப் படுக்கைதான். தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்றத் தொடங்கிவிடுவதால், டீச்சரிடமிருந்து வரும் ஒரு போன் அழைப்புக்கு எந்த முகக்கவசமும் ஈடில்லை. வருட ஆரம்பத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசிவிடும் பெற்றோர் இதை அறிந்தவர்கள்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்று. பல வீடுகளில் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மண்ணில் விளையாட விடுவதில்லை, பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, நான்கு வருடம் கழித்தும் பிள்ளை ஜன்னல் வழியாகவே தெருவைப் பார்க்கிறது. அதே வீட்டில் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் ஓடும். கல்யாண வீட்டு அமளியில் ராத்திரி மாத்திரை பத்தரைக்குப் போகும். முதல் சில மாதங்களின் கெடுபிடி நியாயமானது. சுமார் மூன்று மாதத்துக்குப் பிறகு, மருந்தளவு குறைந்து ரத்தம் சீரானதும், பெரும்பாலான பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். காய்ச்சிய தண்ணீர், சுடச்சுடச் சோறு, கழுவித் தோலுரித்த பழம், தெருக்கடை ஜூஸும் காய்ச்சாத பாலும் வேண்டாம், சோப்பு போட்டுக் கை கழுவு: இதில் பாதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான். நிணநீர்க் கட்டிகள் வீங்கினாலும், காரணமில்லாத காய்ச்சலோ பேதியோ வாரக்கணக்கில் நீடித்தாலும் மட்டும் காத்திருக்கக் கூடாது. எப்ஸ்டீன்–பார் என்ற சாதாரண வைரஸ், எதிர்ப்பு அடங்கிய உடம்பில் அரிதாகப் புற்றை உண்டாக்குவதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

கவனிப்பெல்லாம் ஒரு பிள்ளை மேல் குவியும்போது மற்றப் பிள்ளை என்ன ஆகிறது என்பதைப் பல வீடுகள் பின்னால்தான் உணர்கின்றன. பாட்டி வீட்டில் ஆறு மாதம் விடப்பட்ட அக்கா, தும்மினாலே தம்பியை விட்டுத் தள்ளி நில் என்று அதட்டு வாங்கும் அக்கா. அவளுக்கும் விஷயத்தை வயதுக்கேற்றபடி சொன்னால், எட்டு மணி அலாரத்தை முதலில் கேட்பவளாக அவளே மாறிவிடுவாள்.

உண்மையான ஆபத்துக் காலம் பதின்வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா ஊட்டிய மருந்து, பதினைந்து வயதில் பிள்ளையின் சொந்தப் பொறுப்பாகிறது. மருந்தால் முகத்தில் வரும் மாற்றம், வயிற்றுத் தழும்பு, நண்பர்கள் முன் மாத்திரை எடுக்கக் கூச்சம், 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்ற எண்ணம் எல்லாம் ஒன்றுசேரும். வேளை தவறுவதால் உறுப்பை இழப்பது இந்த வயதில்தான் அதிகம் என்பதை நாடு நாடாக மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பிள்ளை ஒளித்தாலும் எண்கள் ஒளிக்காது. அடுத்தடுத்த லெவல்கள் 5, 5.2, 4.8 என்று வந்தால் மருந்து ஒழுங்காகப் போகிறது. 2, 9, 4 என்று குதித்தால், சராசரி அதே ஐந்தாக இருந்தாலும், டாக்டர் நாற்காலியை நகர்த்திப்போட்டுப் பேச ஆரம்பிப்பார். பிடிபட்டதும் திட்டு விழும் வீட்டில் அடுத்த முறை பொய் இன்னும் நேர்த்தியாக வரும். பன்னிரண்டு வயதிலேயே மாத்திரைப் பெயரையும் அளவையும் பிள்ளையைச் சொல்ல வைத்து, டாக்டர் கேட்கும் கேள்விக்கு அம்மா முந்திக்கொள்ளாமல் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றும் வீடுகளில் இந்த ஆண்டுகள் எளிதாகக் கடக்கின்றன.

ஆயுசுக்கும் இந்த மாத்திரைதானா என்று எல்லாப் பெற்றோரும் ஒருநாள் கேட்பார்கள். கல்லீரல் விசித்திரமான உறுப்பு. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும், சாப்பிட்ட அந்நியப் பொருட்களோடு, அதன் வழியாகத்தான் போகிறது; எல்லாவற்றையும் எதிரியாகப் பார்த்தால் அது பிழைக்க முடியாது. அதனாலோ என்னவோ, வைக்கப்பட்ட கல்லீரலைச் சில உடம்புகள் காலப்போக்கில் தமதாகவே ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தாயோ தகப்பனோ கொடுத்த கல்லீரலோடு நன்றாக வளர்ந்திருந்த 20 பிள்ளைகளுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். 12 பேர் ஒரு வருடத்துக்கு மேல் மருந்தில்லாமல் சரியாக இருந்தார்கள். செய்தி பரவியதும் நம்பிக்கை பொங்கியது. பின்னர் 88 பிள்ளைகளோடு நடந்த பெரிய ஆய்வில் 33 பேருக்குத்தான் அது கைகூடியது. மற்றவர்களுக்கு மருந்து தொடர வேண்டியிருந்தது. இந்த ஆய்வுகளில் திசுச் சோதனை செய்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளே சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு குறைப்புக்கும் ரத்தம் பார்த்தார்கள். நொதி ஏறியவுடன் மருந்தைத் திரும்பக் கொடுத்தார்கள். யார் அந்த 33 பேரில் ஒருவர் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை. மருந்து நின்றவர்களுக்கும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை நிற்பதில்லை.